புதர் என்று எழுதும் முன்: காட்டின் கீழ்ச்செறிவைச் சொல்வதில் நேரும் தவறுகள்

காட்டைப் பற்றி எழுதும்போது 'புதர்' என்ற சொல் எல்லா இடத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தரையை ஒட்டி நெருங்கி வளர்ந்து, கிளையும் கொடியும் பின்னி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி மறைக்கும் செடித்திரள்தான் புதர். மறைவு இல்லாத இடத்தில், தனியாக நிற்கும் ஒரு குத்துச்செடியைச் செடி என்றே சொல்லிவிடலாம்.

பெரிய தவறு 'அடர்ந்த காடு' என்றவுடன் 'புதர் மண்டிய' என்று சேர்த்துவிடுவது. மழை நிறையப் பெறும் பசுமைமாறாக் காட்டில் உயரத்தில் இலைகள் கூரைபோல் மூடிக்கொள்கின்றன. தரைக்கு வந்து சேரும் வெயில் மிகக் குறைவு. அதனால் முதிர்ந்த காட்டின் உள்ளே கீழ்ச்செடிகள் அவ்வளவு நெருங்கி வளர்வதில்லை. பல இடங்களில் தாராளமாக நடக்கலாம். புதர் செழிப்பது வெளிச்சம் விழும் இடங்களில்தான்: காட்டின் விளிம்பு, ஓடைக்கரை, பெரிய மரம் சாய்ந்து திறந்த வெளி, வெட்டப்பட்டு மறுபடி தழைக்கும் பகுதி. ஆகவே மேலே அடர்த்தியா, கீழே அடர்த்தியா என்று பார்த்து எழுத வேண்டும். 'மரங்கள் அடர்ந்த காடு', 'புதர் அடர்ந்த காடு' இரண்டும் வெவ்வேறு காட்சிகள்.

அப்புறம் 'மண்டி' என்ற வினை. புதர் மண்டிக் கிடக்கிறது என்றால் கவனிப்பாரற்றுப் போன இடம் என்ற எண்ணம் உடனே வந்துவிடும். பாழடைந்த வீட்டுக்கும் தூர்ந்த வாய்க்காலுக்கும் அது சரி. காட்டுக்கோழியும் முயலும் கீரியும் ஒளிந்து வாழும் இயல்பான புதரை அப்படிச் சொன்னால், வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டிய குப்பை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அங்கே 'செறிந்த', 'அடர்ந்த' போதும். ஆனால் முதுமலை, பந்திப்பூர் பகுதிகளில் பரவியிருக்கும் உண்ணிச்செடியைப் பற்றி எழுதினால் 'மண்டி' என்பதே பொருத்தம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. மான்கள் மேயும் புல்லை வளரவிடாமல் அமுக்கிவிடுகிறது. இந்த இடத்தில் வெறுமனே 'புதர்' என்று எழுதாமல் செடியின் பெயரையே சொல்ல வேண்டும்.

'புதர்க்காடு', 'காட்டுப்புதர்' இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. புதர்க்காடு என்பது ஒரு காட்டு வகை: வறண்ட நிலம், குட்டை மரங்கள், முட்செடிகள், இடையிடையே வெறுந்தரை. காட்டுப்புதர் எந்தக் காட்டிலும் இருக்கலாம். எழுதும்போது 'புதர்க்காடு' என்பதில் க் விடக்கூடாது. முள்ளும் புதரும் சேர்ந்தால் 'முட்புதர்'.

'தூறு' அழகான சொல். மூங்கில் தூறு என்று இன்றும் சொல்கிறோம். இதைத் 'தூர்' என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குளத்தில் வாருவது தூர். நெற்பயிர் கட்டுவதும் தூர். தூறு புதரைக் குறிக்கும்; பழிச்சொல்லையும் குறிக்கும்; வினையாக வந்தால் மழை தூறும். வேற்றுமை உருபு சேரும்போது ஆறு 'ஆற்றில்' ஆவதுபோல் தூறு 'தூற்றில்' ஆகும். 'முயல் தூறுக்குள் ஓடியது' என்பது பிழை. 'தூற்றுக்குள் ஓடியது' என்பதே சரி.

பழைய சொல் வேண்டும் என்றால் 'இறும்பு' இருக்கிறது. வல்லின ற போட வேண்டும், இல்லாவிட்டால் உலோகமாகிவிடும். அகராதிகள் இதற்குக் குறுங்காடு என்று பொருள் தருகின்றன. ஆனால் ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் நெருக்கமாக நட்டு வளர்க்கும் சிறு காட்டுக்கே இன்று 'குறுங்காடு' என்ற பெயர் பழகிவிட்டது. அதனால் இறும்பை விளக்கும்போது 'புதர் செறிந்த சிறு காடு' என்று விரித்து எழுதுவது நல்லது.