காயம் பட்டது எத்தனை மணிக்கு? அவசரப் பிரிவில் ஆய்வுத் தகவல் எடுக்கும் முறை

கோலாலம்பூர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் விபத்துக் காய ஆய்வுக்குத் தகவல் திரட்டப் புதிதாகச் சேர்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால் ஆய்வு என்எம்ஆர்ஆரில் (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில்) பதிவாகியிருக்க வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். மருத்துவ ஆய்வு நடத்தும் நெறிகளைக் கற்றதற்கான ஜிசிபி சான்றிதழையும் முன்பே எடுத்துவிடுங்கள். இதையெல்லாம் அலுவலகத்தில் யாராவது சொல்லித் தருவார்கள். பலரும் சொல்லித் தராமல் விடுவது படிவத்தின் ஒரு கட்டத்தைப் பற்றி: காயம் பட்ட நேரம்.

2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளிலிருந்து காயம்பட்ட 20,211 பேர் சேர்க்கப்பட்டார்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம் என்ற மருந்து முதல் 1 கிராம் 10 நிமிடத்தில், அடுத்த 1 கிராம் 8 மணி நேரத்தில் ஏற்றப்பட்டது. இறப்பு 16.0 விழுக்காட்டிலிருந்து 14.5க்கு இறங்கியது. அதே தகவலை நேரம் பார்த்துப் பிரித்தபோதுதான் முக்கியமான விஷயம் தெரிந்தது: 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மருந்து உயிரைக் காக்கிறது, அதற்குப் பின் கொடுத்தால் ரத்தப்போக்கால் இறப்பது கூடுகிறது. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் ஏறக்குறைய 10 விழுக்காடு குறைவதாக 2018இல் வந்த கூட்டு அலசல் காட்டியது. ஆக, கட்டத்தில் நீங்கள் எழுதும் 20 நிமிடப் பிழை ஆய்வின் விடையையே புரட்டிவிடக்கூடும்.

"எப்ப அடிபட்டுச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒரு எட்டு, எட்டரை இருக்கும்" என்றுதான் பதில் வரும். கூட வந்தவரிடம் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, உங்களுக்கு முதல் போன் எத்தனை மணிக்கு வந்துச்சு? கொஞ்சம் போனைப் பார்த்துச் சொல்றீங்களா?" அந்த நேரத்துக்கு முன்புதான் விபத்து நடந்திருக்க வேண்டும். அவசர எண் 999க்கு அழைப்பு போன நேரம் ஆம்புலன்ஸ் தாளில் இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு, முந்தியதை மேல் எல்லையாக வையுங்கள். எங்கிருந்து கிடைத்த நேரம் என்பதைப் பக்கத்தில் குறியுங்கள்: போன் பதிவு, ஆம்புலன்ஸ் தாள், வாய்மொழி. வாய்மொழி நேரத்தை வாய்மொழி என்றே எழுதுவதில் குறையொன்றும் இல்லை. அதைத் துல்லியமானது போல் எழுதுவதுதான் கெடுதல். மாத முடிவில் உங்கள் பட்டியலைப் பாருங்கள். நிமிடங்கள் 00, 15, 30 என்றே குவிந்திருந்தால் அவை ஊகங்கள்.

சுவர்க் கடிகாரமும் படுக்கை மானிட்டரும் ஒரே நேரத்தைக் காட்டும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் இரண்டையும் உங்கள் போனோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதிவையுங்கள். 24 மணி முறையில், தேதியோடு எழுதுங்கள். 23:50க்கு விழுந்தவர் 00:35க்கு வந்து சேர்ந்தால், தேதி இல்லாத தாளில் கணக்கு எதிர்மறையாகப் போய்விடும்.

அடுத்தது ஜிசிஎஸ், அதாவது நோயாளியின் நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண். அதிகபட்சம் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. மொத்தம் 3 முதல் 15 வரை. கூட்டுத் தொகையை மட்டும் எழுதாமல் மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் எடுத்ததா, பின்னா என்பதும் வேண்டும். தொண்டையில் குழாய் இருந்தால் பேச்சுக்கு 1 போடாதீர்கள், 'சோதிக்க இயலவில்லை' என்று குறியுங்கள். இங்கே மொழி பெரிய விஷயம். மலாயில் கேட்ட கேள்வி புரியாமல் விழிக்கும் ஒரு தமிழ்ப் பாட்டிக்குப் பேச்சில் 4 விழுந்துவிடும்; அது காயத்தின் மதிப்பெண் அல்ல. "பாட்டி, இப்ப எங்க இருக்கீங்க? இது என்ன மாசம்?" என்று தமிழில் கேளுங்கள். ஐப்பசி என்று சொல்லி, அது சரியாகவும் இருந்தால் முழு மதிப்பெண்தான். நேபாள, வங்கதேசத் தொழிலாளர்களுக்கும் அவரவர் மொழி பேசும் ஒருவரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள்.

காயத் தீவிர மதிப்பான ஐஎஸ்எஸ்ஸுக்கு உடல் ஆறு பகுதிகளாகப் பிரியும். ஒவ்வொரு காயத்துக்கும் கடுமையைப் பொறுத்து 1 முதல் 6 வரை ஓர் எண் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் மிகக் கடுமையான ஒரு காயத்தை மட்டும் எடுத்து, அதிக மதிப்புள்ள மூன்று பகுதிகளின் எண்களை வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். தலை 4, நெஞ்சு 3, கால் 2 என்றால் 16 + 9 + 4 = 29. அதிகம் நடக்கும் தவறு, ஒரே காலின் இரண்டு முறிவுகளையும் சேர்த்துவிடுவது. எந்தக் காயமாவது 6 என்றால் மொத்தம் நேராக 75. ஸ்கேன் முடிவு வருமுன் கணக்கை முடித்துவிடாதீர்கள்.

மைகார்டு (அடையாள அட்டை) இல்லாமல் வந்தவர் தற்காலிகப் பெயரில் பதிவாவார். அடையாளம் தெரிந்ததும் அவரே இன்னொரு எண்ணில் வரக்கூடும், எனவே வந்த நேரத்தை வைத்து இரட்டைப் பதிவுகளைத் தேடுங்கள். 4 வார முடிவைக் கேட்கும் ஆய்வு என்றால், வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர்கள்தான் முதலில் கைநழுவுவார்கள். ஆய்வுக்குச் சம்மதம் பெறும்போதே இரண்டு போன் எண் வாங்குங்கள், ஒன்று வேறு வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும். வெளிநாட்டுத் தொழிலாளி என்றால், அவர் சம்மதித்தால், முதலாளியின் எண்ணும் வேண்டும். 28ஆம் நாள் கூப்பிடும்போது "எப்படி இருக்காரு?" என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். அவர் இறந்திருக்கலாம். முதலில் மருத்துவமனைப் பதிவைப் பாருங்கள், பிறகு போனை எடுங்கள்.