கடன் வாங்கும்போது நாம் தப்பாகக் கேட்கும் கேள்விகள்

கடன் வாங்கப் போகிற யாரும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. "மாசம் எவ்வளவு கட்டணும்?" என்று கேட்கிறோம், கட்டுப்படியானால் சரி என்கிறோம். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

அக்காவின் தையல் கடைக்காக ஒரு லட்சம் கடன் கேட்டுப் போயிருந்தோம். "12 பர்சென்ட்தான்க்கா, மாசம் 9,333 ரூபா, 12 மாசம்" என்றார் கவுன்ட்டரில் இருந்த தம்பி. அக்கா தலையாட்டிவிட்டார். "கட்டக் கட்ட அசல் குறையுமே, வட்டி குறைஞ்ச அசலுக்கா, முழு லட்சத்துக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "ஃப்ளாட் ரேட் சார்" என்றார். அதாவது, பெரும்பகுதி அசலை அடைத்துவிட்ட கடைசி மாதத்திலும் முழு ஒரு லட்சத்துக்கே வட்டி. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அந்த 12, ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. அப்புறம், "கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். கட்டணம் என்று 3,000 பிடித்துக்கொண்டு 97,000 என்றார். இப்போது 27 சதவீதத்துக்கும் மேல்! எந்தத் தொகைக்கு 12 என்று கேட்காதவரை 12 என்பது வெறும் எண்தான்.

அடுத்த தவறு, "ஒண்ணும் பிரச்சினை வராதே?" என்று கேட்பது. வராது என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். "ரெண்டு தவணை தவறினா எவ்வளவு கூடும்? முன்கூட்டியே அடைச்சா எவ்வளவு பிடிப்பீங்க?" என்று கேட்டால் தொகையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாய்வார்த்தையாகப் பதில் வாங்கிக்கொண்டு எழுந்து வருவதும் தவறுதான். 2024 அக்டோபர் 1 முதல், வங்கியோ ஃபைனான்ஸ் நிறுவனமோ, புதிதாகத் தனிநபர் தவணைக் கடன் கொடுத்தால் முக்கிய விவரங்கள் அடங்கிய தாள் ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்கும். நமக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்கலாம். திருப்பிக் கட்ட ஏழு நாளோ அதற்கு மேலோ காலம் உள்ள கடன் என்றால், யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. "இன்னைக்கே போட்டாதான்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அந்தத் தாளைக் கேளுங்கள். அக்கா அதைத்தான் செய்தார்.

ஜாமீன் கையெழுத்து விஷயத்தில் நாம் கேள்வியே கேட்பதில்லை. கேட்டால் சொந்தக்காரர் முகம் வாடுமே என்று நினைக்கிறோம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு அத்தனையும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. கடன் வாங்கியவரிடம் வசூலித்துப் பார்த்த பிறகுதான் நம்மிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால் மச்சான் எதிரில் உட்கார்ந்திருந்தாலும், "இவர் கட்டலைன்னா முதல்ல யார்கிட்ட வருவீங்க?" என்று மேனேஜரிடம் அவர் காதுபடவே கேளுங்கள்.