தோழி வீட்டில் ராத்திரி தங்க அனுப்பலாமா?

பிள்ளை வந்து கேட்டதும் சரி என்றோ முடியாது என்றோ சொல்லிவிடாமல், முதலில் அந்த வீட்டு அம்மாவிடம் போனில் பேசுங்கள். அன்று ராத்திரி வீட்டில் யார் யார் இருப்பார்கள், விருந்தாளிகள் வருகிறார்களா, பிள்ளைகள் எந்த அறையில் யாருடன் படுப்பார்கள் என்று நேராகவே கேட்கலாம். தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். இதற்கு முகம் சுளிக்கிற வீட்டுக்கு நான் அனுப்பமாட்டேன்.

அடுத்தது தூரம். முதல் தடவை அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை என்று சேலத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஏற்காட்டில் எஸ்டேட் வீடு என்றால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நடுராத்திரி பிள்ளை அழுதால், 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பனிமூட்டத்தில் ஏறிப் போக வேண்டும். சில இடங்களில் சிக்னலும் சரியாக இருக்காது.

அப்புறம், ஒரு ரகசிய வாக்கியம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். “பாட்டி மாத்திரை சாப்பிட்டாச்சா?” என்று போனில் பிள்ளை கேட்டால், ‘வந்து கூட்டிப் போ’ என்று அர்த்தம். நீங்கள் வேறு காரணம் சொல்லி அழைத்து வந்துவிடலாம், அவளுக்கும் சங்கடம் இல்லை. உங்கள் நம்பரோடு, 24 மணி நேரமும் இயங்கும் இலவசக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் மனப்பாடம் செய்ய வையுங்கள். ஆஸ்துமா, அலர்ஜி இருந்தால் மருந்தைப் பையில் போட்டு, அந்த வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையா? சாப்பாடு, விளையாட்டு முடிந்து பத்து மணிக்குப் போய்க் கூட்டி வந்துவிடுங்கள்.