கட்டெறும்பைப் பதிவு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டெறும்பு என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அதற்கு அறிவியல் பெயர் சூட்டும்போதுதான் சிக்கல். கருப்பாக, பெரிதாக இருக்கிறது என்பதற்காகவே ‘கேம்போனோட்டஸ் கம்ப்ரெசஸ்’ என்று பதிந்துவிடுகிறார்கள். அந்தப் பதிவு பரவல் வரைபடத்தில் ஒரு புள்ளியாகி நின்றுவிடுகிறது. தவறான புள்ளியை நீக்குவது புதிதாக ஒன்றை வைப்பதைவிடக் கடினம்.

முதலில் பேரினத்தை, அதாவது பெயரின் முதற்சொல்லான கேம்போனோட்டஸை, உறுதி செய்யுங்கள். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும். எறும்பைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். கேம்போனோட்டஸின் முதுகுக்கோடு பெரும்பாலும் தடையில்லாமல் வில்போல வளைந்து இறங்கும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இடுப்புக் கணு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கணு இரண்டு என்றால் அது வேறு குடும்பக்கிளை. மரப்பொந்தில் வாழும், மார்பு சிவந்து தலையும் வயிறும் கறுத்த டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா அப்படிப்பட்டது. மார்பிலோ கணுவிலோ முள் நீட்டிக்கொண்டிருந்தால் பாலிராக்கிஸ் என்ற வேறு பேரினமாக இருக்கலாம். வயிற்றின் நுனியையும் பாருங்கள்: கொடுக்கு இருக்காது, ஃபார்மிக் அமிலம் பீச்சும் சின்ன வட்டத் துளைதான் இருக்கும். ஆகவே ‘கட்டெறும்பு கொட்டியது’ என்று வரும் குறிப்புகளைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். கட்டெறும்பு தாடையால் கடித்து, கடித்த இடத்தில் அமிலத்தைத் தெளிக்கும்.

அடுத்தது அளவு. இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஒரே புற்றில் சிறிய தலையும் ஒல்லி உடலுமாக ஒரு வேலைக்காரி, அகன்ற தலையும் தடித்த தாடையுமாக இன்னொன்று, இரண்டுக்கும் இடையில் எத்தனையோ அளவுகள். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தனித்தனியாகப் பார்ப்பவர் இரண்டு சிற்றினம் என்று எழுதிவிடுவார். அதனால் ஒற்றை எறும்பை எடுக்காதீர்கள். ஒரே புற்றிலிருந்து பத்துப் பதினைந்தை, சிறிதும் பெரிதும் கலந்து எடுத்து ஒரே குப்பியில் போடுங்கள். வயிறு முழுக்கப் பட்டுப்போன்ற பொன்னிற ரோமம் அடர்ந்து பளபளத்தால் கம்ப்ரெசஸ் என்று எழுத வேண்டாம். செரிசியஸ் போன்ற உறவுச் சிற்றினங்களை முதலில் ஒப்பிடுங்கள். படத்தை வைத்துச் சொல்ல முடியாதபோது ‘கேம்போனோட்டஸ், சிற்றினம் தெரியவில்லை’ என்று நிறுத்திக்கொள்வதே நேர்மையான பதிவு.

பெயர் எழுதுவதில் வரும் பிழைகள் சிறியவை போலத் தோன்றும். இந்த எறும்பை டேனிஷ் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் 1787இல் ‘ஃபார்மிகா கம்ப்ரெசா’ என்ற பெயரில் விவரித்தார். ஆஸ்திரியப் பூச்சியியலாளர் மாயர் 1861இல் கேம்போனோட்டஸ் பேரினத்தை நிறுவினார். எறும்பு பின்னர் அதற்குள் வந்தது. கேம்போனோட்டஸ் இலத்தீனில் ஆண்பால் என்பதால் கம்ப்ரெசா, கம்ப்ரெசஸ் ஆனது. பழைய பட்டியலில் முதல் பெயரையும் புதியதில் இரண்டாவதையும் கண்டு இரண்டு எறும்பாக எண்ணுவது அடிக்கடி நடக்கிறது. பேரினம் மாறியதைக் காட்டவே ‘(ஃபாப்ரீசியஸ், 1787)’ என்று அடைப்புக்குறி போடுகிறோம். அதை விட்டுவிடக் கூடாது. பேரின எல்லையும் அசையும். கேம்போனோட்டஸுக்குள் இருந்த கொலோபோப்சிஸ் 2016இல் தனிப் பேரினமானது. தென்கிழக்கு ஆசியாவின் ராட்சத எறும்பும் அப்போது டைனோமிர்மெக்ஸ் ஜைகாஸ் ஆனது. அதற்கு முந்தைய பட்டியலை அப்படியே நகலெடுத்தால் உங்கள் எண்ணிக்கை முழுதும் பிசகும்.

கேம்போனோட்டஸின் ஆங்கிலப் பெயரான ‘கார்பென்டர் ஆன்ட்’ என்பதற்குத் தரும் ‘தச்செறும்பு’ என்ற மொழிபெயர்ப்பை நம்பி இதை மரத்துக்குள் தேடுவது இன்னொரு தவறு. கம்ப்ரெசஸ் பெரும்பாலும் மண்ணில், மரத்தின் அடிவேர் ஓரத்தில் புற்று வைக்கும். மரத்தில் ஏறுவது சாறுறிஞ்சும் பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீருக்காக. மரத்தைக் குடையும் கேம்போனோட்டஸ்கூட மரத்தைத் தின்பதில்லை. குடைந்த தூளை வெளியே தள்ளிவிடும். தின்பது கறையான். ஆகவே ‘மரத்தில் கிடைத்தது’ என்று மட்டும் குறிக்காமல், புற்று எங்கே, இரைதேடிய இடம் எங்கே என்று பிரித்து எழுதுங்கள்.

இனி பரவல். கம்ப்ரெசஸின் மூல மாதிரி, அதாவது முதல் விவரிப்புக்கு அடிப்படையான எறும்பு, தரங்கம்பாடியிலிருந்து போனது. அப்போது அது டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர், ‘ட்ராங்கெபார்’. இந்தப் பழைய பெயர் தெரியாதவர் அந்த இடத்தை வரைபடத்தில் தேடித் தோற்றுப்போவார். இதைவிட மோசமானது, பழைய மாதிரியோடு இருக்கும் சீட்டில் வெறும் ‘மெட்ராஸ்’ என்றிருப்பதைச் சென்னை நகரத்தின் நடுவில் புள்ளியாக வைப்பது. அந்நாளில் அச்சொல் மாகாணம் முழுவதையும் குறித்திருக்கலாம். அத்தகைய பதிவுக்கு ஆயத்தொலை எண் கொடுத்தால், பிழை எல்லையைக் கிலோமீட்டரில் கட்டாயம் சேர்க்க வேண்டும். மாதிரி இப்போது இருக்கும் அருங்காட்சியகத்தின் ஊரையே பிடித்த ஊராக நினைப்பவர்களும் உண்டு. விளக்கொளிக்கு வந்த சிறகெறும்பைப் புற்றுப் பதிவாக எண்ணாதீர்கள். அது வேறிடத்திலிருந்து பறந்து வந்திருக்கலாம்.

குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து, ஆறு மாதத்தில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். மரபணு ஆய்வுக்கு என்றால் 70 விழுக்காட்டு எத்தனால் போதாது, 95 வேண்டும். ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், தேதி, பிடித்தவர் பெயர், புற்றின் இடம் இவ்வளவும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும்.