ஆஃபர் லெட்டர் வந்ததும் செய்யும் தவறுகள்

வேலை கிடைத்த சந்தோஷத்தில் பலரும் ஆஃபர் லெட்டரில் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள்: சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை. ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் மாதம் 50,000 கைக்கு வரும் என்று நம்பி, வேளச்சேரியில் வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த 50,000 எங்கே போகிறது என்று பாருங்கள். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 25,000 என்று வைத்துக்கொள்வோம். வேரியபிள் பே (வேலைத்திறனைப் பொறுத்து மாறும் தொகை) சிடிசியில் 10 சதவீதம் என்றால் மாதக் கணக்கில் 5,000 போய்விடும். அது காலாண்டு அல்லது ஆண்டு முடிவில், ரேட்டிங்கைப் பொறுத்துத்தான் வரும். கம்பெனி கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 3,000. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 1,200. உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 3,000. மிஞ்சுவது ஏறக்குறைய 37,800. சென்னை மாநகராட்சியின் தொழில்வரி அரையாண்டுக்கு 1,250 ரூபாய் வேறு. ஆகவே ஹெச்ஆரிடம் மாதவாரிப் பிரிப்பை மெயிலில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் ஆஃபர் கைவிட்டுப் போகும் என்று பயப்பட வேண்டாம், எல்லோரும் கேட்பதுதான்.

அடுத்த தவறு, "செலக்ட் ஆயிட்டீங்க" என்று போனில் சொன்னதுமே பேப்பர் போடுவது. கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டர் வராமல் ராஜினாமா செய்யாதீர்கள். பழைய இடத்தில் நோட்டீஸ் பீரியட் 90 நாள், புது இடத்தில் 30 நாளில் சேரச் சொல்கிறார்கள் என்றால், பை-அவுட் (மீதி நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டுக் கிளம்புவது) உண்டா, அந்தப் பணத்தை யார் தருவது என்பதை எழுத்தில் பெறுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் முறைப்படி விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. அடுத்தடுத்த வெரிஃபிகேஷனில் அதுதான் இடிக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'எஸ். கார்த்திக்', பான் கார்டில் 'கார்த்திக் செல்வம்', ஆதாரில் 'கார்த்திக் எஸ்'. மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் பிஎஃப் கணினிக்கு அது தெரியாது. பெயர் பொருந்தாவிட்டால் யூஏஎன் (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு, நிற்கும், பணம் மாற்றுவதும் நிற்கும். சேருவதற்கு முன்பே ஆதாரிலும் பான் கார்டிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். எழுத்துக்கூட்டிப் பார்த்துக் கொடுங்கள். புது கம்பெனியில் பழைய யூஏஎன் எண்ணையே கொடுக்க வேண்டும், இன்னொன்று உருவாக்க விடாதீர்கள்.

கன்சல்டன்சி ஏற்பாடு செய்யும் போலி அனுபவச் சான்றிதழ் பக்கமே போகாதீர்கள். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதிவரை பிஎஃப் கட்டப்பட்டது என்பது யூஏஎன் கணக்கில் வரிசையாகத் தெரியும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட வேலையை விட்டு அனுப்புவார்கள்.

டிரெய்னிங், லேப்டாப், டெபாசிட் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். எந்தக் கிளையில் வேலை என்பதையும் லெட்டரில் பாருங்கள். வீடு அம்பத்தூரில், ஆபீஸ் சிறுசேரியில் என்றால், கையெழுத்துப் போடுவதற்குள் ஒரு திங்கட்கிழமை காலை 8 மணிக்குக் கிளம்பி ஒருமுறை போய்ப் பாருங்கள். கேப் வசதி உண்டா, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.