தெர்மோஸ்டாட்டில் 21 இருந்தும் வீடு ஏன் குளிர்கிறது?

தேவகோட்டையில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன். மகள் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரியும் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தோம். இந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன மூன்றாம் நாள் காலை பத்து மணி. மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். பேரனைக் குளிப்பாட்ட வேண்டும். வீடு எத்தனை டிகிரி சூட்டில் இருக்க வேண்டும் என்று வைக்கிற கருவி தெர்மோஸ்டாட். ஹாலில் இருக்கும் அதில் 21 வைத்திருக்கிறது, திரையில் சுடர் படமும் தெரிகிறது. வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. 25 வைத்தோம், 28 வைத்தோம். "டிக்" என்று சத்தம் வந்ததே தவிர சூடு வரவில்லை. கடைசியில் மாடியில் வெந்நீர் சிலிண்டர் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். உள்ளே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் ஹீட்டிங் விளக்கு அணைந்திருந்தது. அதுதான் புரோகிராமர். ஒன்பது மணியோடு நிறுத்தச் சொல்லி அதில் நேரம் வைத்திருந்தார்கள்.

நம் வீட்டு போர் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே டைமர், மேல்தொட்டியில் மிதவை சுவிட்ச். டைமரில் ஐந்து முதல் ஆறு வரை வைத்துவிட்டால், ஒன்பது மணிக்குத் தொட்டி காலியாகி மிதவை கேட்டாலும் மோட்டார் ஓடாது. இரண்டும் சரி என்றால்தான் கரண்ட் போகும். அங்கேயும் அதே கதை: புரோகிராமரும் தெர்மோஸ்டாட்டும் இரண்டுமே சொன்னால்தான், கேஸில் தண்ணீரைச் சூடாக்குகிற பாய்லர் ரேடியேட்டருக்குச் சூடு அனுப்பும்.

தெர்மோஸ்டாட்டிலேயே நேரமும் டிகிரியும் வைக்கிற வசதி இருந்தால், கடிகார வேலையை அதனிடமே விட்டுவிடுங்கள். புரோகிராமரில் ஹீட்டிங் பக்கத்தை எப்போதும் ஓடும்படி வையுங்கள். பெட்டியில் 'ஆன்', 'கான்ஸ்டன்ட்', 'கன்டினியூஸ்' என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். 'ஒன்ஸ்', 'ட்வைஸ்', 'ஆட்டோ' என்றால் அது தன் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்திவிடும். நாள் முழுக்க கேஸ் எரியுமே என்று என் வீட்டுக்காரி பதறினாள். எரியாது. வைத்த டிகிரி வந்ததும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும். வெந்நீர்ப் பக்கத்தைத் தொடாதீர்கள், அது புரோகிராமரின் நேரப்படியே ஓடட்டும். சிலிண்டர் இல்லாத காம்பி பாய்லர் வீடு என்றால் தனிப் பெட்டி இல்லாமல் இருக்கலாம். பாய்லரிலேயே கடிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹாலில் பழைய திருகு தெர்மோஸ்டாட் ஒன்று கழற்றாமல் கிடக்கலாம். இணைப்பில் இருந்தால் அதுவும் மூன்றாவது ஆளாக வழியை மறிக்கும். அதை உச்சத்தில் திருகி வையுங்கள். வயரிங்கை மாற்றுவது அங்கத்திய எலக்ட்ரீசியன் வேலை. உள்ளே 230 வோல்ட், நீங்கள் மூடியைக் கழற்ற வேண்டாம்.

அப்புறம் நேரங்கள். நாங்கள் காலை ஐந்தரைக்கு 20, இரவு பத்துக்கு 17 என்று வைத்தோம். பிள்ளை தூங்குகிற அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்கட்டும் என்று வீட்டுக்கு வந்த நர்ஸம்மா சொன்னார். நம் மார்கழிப் பனியில்கூட நான் பார்க்காத குளிர் அது, ஆனாலும் பிள்ளைக்கு அதுதான் நல்லது. நாம்தான் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டும். சீக்கிரம் சூடாகட்டும் என்று 28 வைக்காதீர்கள். 20க்கு ஏறுகிற வேகத்தில்தான் 28க்கும் ஏறும். ஆறு மணிக்குக் கதகதப்பு வேண்டுமென்றால் ஐந்தரைக்கே தொடங்கச் சொல்லுங்கள்.

வயர் இல்லாத தெர்மோஸ்டாட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் அதை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள் வீட்டுக்காரி. எண்ணெய்ச் சட்டியின் சூட்டில் அது 24 காட்டி பாய்லரை நிறுத்திவிட்டது. ஹாலில் மகள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். அதிகம் புழங்குகிற அறையில், நெஞ்சு உயரத்தில், வெயிலும் ரேடியேட்டர் சூடும் படாத இடத்தில் வையுங்கள். அந்த அறை ரேடியேட்டரின் ஓரத்தில் எண் போட்ட திருகு இருந்தால் அதை முழுக்கத் திறந்துவிடுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் சூடு நின்றுபோகும், இரண்டு உதிரியாக வாங்கி வையுங்கள். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். தானாக மாறாத பெட்டி என்றால் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

குளிர்காலத்தில் எல்லோருமாக நாலு நாள் வெளியூர் போனால் புரோகிராமரில் ஹீட்டிங்கை அணைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அணைத்தால், குழாய் உறையாமல் காக்க தெர்மோஸ்டாட் 5 டிகிரியில் கேட்டாலும் பாய்லர் எழுந்திருக்காது. உறைந்த குழாய் வெடித்தால் வீடு முழுக்கத் தண்ணீர். புரோகிராமர் 'ஆன்' நிலையிலேயே இருக்கட்டும், தெர்மோஸ்டாட்டில் மட்டும் டிகிரியைக் குறைத்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.