பழைய ஜீப்பின் பட்டை ஸ்பிரிங்: வீட்டிலேயே கழற்றி மாட்டும் முறை

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால், வாய்க்கால் வறண்டு தரை இறுகிக் கிடக்கும் சித்திரை, வைகாசிதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். குறுவை நடவு தொடங்கிவிட்டால் வண்டிக்கும் ஓய்வு இருக்காது, கொட்டகைத் தரையும் ஈரமாகிவிடும்.

இந்த முறை நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங் (எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங்) உள்ள மஹிந்திரா எம்எம் 540, மேஜர், மாருதி ஜிப்ஸி போன்ற வண்டிகளுக்கு. 2010-ல் வந்த முதல் தாரின் சிஆர்டிஇ மாடலில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கை எதிர்த்து ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) என்பதால், பின்பக்கத்துக்கு மட்டும் பொருந்தும்.

வண்டி தூக்கிப்போட்டால் உடனே புதுப் பட்டைக் கட்டு வாங்க வேண்டாம். நம் டெல்டா பக்கத்தில் பெரும்பாலும் சேறுதான் காரணம். வயல் சேறு பட்டைகளுக்கு இடையில் புகுந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும், துரு ஏறும். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்பிரிங் வளையும். வளைவு நிமிரும்போது பட்டையின் இரு முனைகளுக்கும் இடையிலான நீளம் கூடும். அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பது சேக்கிள், அதாவது ஒரு முனையைச் சேஸியோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் ஆடும் இணைப்பு. அதுவும் துருவில் இறுகிவிட்டால் ஒவ்வொரு பள்ளமும் நேராகச் சேஸியில்தான் இடிக்கும். பிரித்துச் சுத்தம் செய்து புஷ் (பட்டை முனையின் ஓட்டைக்குள் இருக்கும் சிறு குழல்) மாற்றினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

முதலில் அளந்து பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் அங்கே பட்டை உடைந்தோ தளர்ந்தோ இருக்கும். முதல் நாளே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். புது யு போல்ட் (கட்டை ஆக்ஸிலோடு பிடிப்பது), சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிப்பது), புஷ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய யு போல்ட் ஒருமுறை இறுக்கி நீண்டது, அதைத் திரும்பப் போடக் கூடாது.

தூக்குவது

இந்த இடத்தில் அவசரமே கூடாது. பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால், பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) வழியாக அது சுழலும், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். அதனால் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தே ஆகவேண்டும்.

அப்புறம் நம் மண். மேலே காய்ந்து தெரியும் வண்டல் மண் எடை ஏறினால் உள்வாங்கும். சிமெண்டுத் தரை இல்லையென்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பலகை போடுங்கள். சக்கர நட்டைத் தரையிலேயே தளர்த்திவிட்டு, தூக்கி, சேஸிக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். கூட ஒருவர் இருக்கட்டும்.

கழற்றுவது

சக்கரத்தை எடுத்துவிட்டு, இன்னொரு ஜாக்கியை ஆக்ஸில் குழாய்க்கு அடியில் கொடுத்து, ஸ்பிரிங்கின் இறுக்கம் போகும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். பல ஜீப்புகளில் கட்டு ஆக்ஸிலுக்குக் கீழே இருப்பதால் ஜாக்கி கட்டில் முட்டக் கூடாது. ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், யு போல்ட், சேக்கிள், கடைசியாக மறுமுனை பின் என்ற வரிசையில் கழற்றுங்கள். ஆக்ஸில் பிரேக் ஹோஸில் தொங்கிவிடாமல் பாருங்கள். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழி வந்த வண்டிகளில் மரை போட்ட சேக்கிள் இருந்தால், சிலவற்றில் இடது மரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகிக் கழற்றுவது) வரும். திரும்பவில்லை என்று முட்டித் திருகாமல் எதிர்ப்பக்கம் முயன்று பாருங்கள்.

பட்டைக் கட்டைப் பிரிப்பது

சென்டர் போல்ட்டைத் தொடுவதற்கு முன் அதன் இருபுறமும் ஜி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிளாம்ப் இல்லாமல் கழற்றினால் பட்டைகள் தெறித்துப் பிரியும். வரிசை மாறாமல் சுண்ணாம்புக்கட்டியால் எண் போட்டு, போல்ட்டை எடுத்தபின் கிளாம்ப்பை மெல்லத் தளர்த்துங்கள்.

கம்பிப் பிரஷால் ஒவ்வொரு பட்டையையும் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே நின்ற எண்ணெய் பொடியில் கோடாக ஊறித் தெரியும். நடு ஓட்டையைச் சுற்றிக் கூடுதலாகப் பாருங்கள், அங்கேதான் முதலில் விடும். விரிசல் விட்ட பட்டையை வெல்டிங் செய்யாதீர்கள். சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங் எஃகின் பதம் போய், பள்ளத்தில் இறங்கும்போது முறிந்துவிடும். மெயின் பட்டையில் விரிசல் என்றால் புதிதுதான். வெறுமனே வளைவு குறைந்திருந்தால், லாரிக்குப் பட்டை அடிக்கும் பட்டறையில் கொடுத்துத் தூக்கி வாங்கலாம். அப்படியானால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

காய்ந்த பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். கிரீஸ் தூசியைப் பிடிக்கும் என்று வேண்டாமென்பவர்கள் உண்டு. சேற்றில் ஓடும் வண்டிக்குத் துருதான் பெரிய எதிரி என்பதால் நான் தடவத்தான் சொல்வேன். ரப்பர் புஷ்ஷில் மட்டும் கிரீஸ் படக் கூடாது, ரப்பர் உப்பிப்போகும்.

மாட்டுவது

சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் இருக்கையின் குழியில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் ஆக்ஸில் கோணலாகி வண்டி ஒரு பக்கம் இழுக்கும். யு போல்ட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவுக்கு இறுக்குங்கள்.

ரப்பர் புஷ் உள்ள வண்டியில் சேக்கிள் போல்ட்டையும் மறுமுனை போல்ட்டையும் இப்போது கையால் மட்டும் திருகி விடுங்கள். ஷாக்கை மாட்டி, சக்கரத்தைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரை நாலு தரம் அமுக்கி ஆட்டிவிட்டு, பிறகுதான் அவற்றை முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். புது புஷ் ஒரே பருவத்தில் போய்விட்டது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சுமார் 100 கி.மீ. ஓடியதும் யு போல்ட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள், மாட்டிய கட்டு அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். வேதாரண்யம், கோடியக்கரை உப்பு மண்ணில் ஓட்டி வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் பட்டை இடுக்குகளைக் கழுவிவிடுங்கள்.